முடிவு யாருக்காக?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாசகர்கள் பல குற்றங்களை மன்னித்துவிடுகிறார்கள். வருணனை நீண்டுவிட்டால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கதாநாயகி காரணமில்லாமல் கண்ணீர் வடித்தால் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் முடிவைச் சொல்லாமல் விட்டால் மட்டும் மன்னிப்பதில்லை. "அவன் திரும்பி வந்தானா, இல்லையா? இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்" என்று அதட்டி வரும் கடிதங்கள் தொடர்கதை எழுதும் எவனுக்கும் புதியவை அல்ல.

அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பிறப்பு ஏன், இறப்பு ஏன் என்ற பெரிய கேள்விகளுக்கெல்லாம் விடை தெரியாமல்தான் மனிதன் வாழ்கிறான். கதையிலாவது ஒரு விடை கிடைக்கட்டும் என்று அவன் ஆசைப்படுவதில் தவறு என்ன? ஆனால் சில நாட்களாக ஒரு சந்தேகம் என்னை வாட்டுகிறது. கதையில் நியாயமான இந்த ஆசை, வாழ்க்கையில் உண்மையாகவே காணாமற்போன ஒரு மனிதன் விஷயத்திலும் நியாயமாகுமா? அவனுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாதபோது, அந்த முடிவை நாம் எழுதலாமா? எழுதினால் அது யாருக்காக?

சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது ஒரு துப்பறியும் நாவல். டேவிட் பீஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் எழுதி 2021-ல் வெளிவந்த 'டோக்கியோ ரீடக்ஸ்' என்ற நூல் அது. போரில் தோற்று அந்நியர் ஆட்சியில் கிடந்த ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய மூன்று நாவல்களில் அது கடைசி. கதை மூன்று காலங்களில் நடக்கிறது. 1949-ல் ஓர் அமெரிக்க அதிகாரி, காணாமற்போன ஒரு பெரிய மனிதரைத் தேடுகிறான். 1964-ல், ஒலிம்பிக் பந்தயங்களுக்காக டோக்கியோ தன்னை அலங்கரித்துக்கொண்டிருக்கும்போது, போலீஸ் உத்தியோகத்தை இழந்த ஒருவன், காணாமற்போன ஒரு துப்பறியும் கதாசிரியரைத் தேடுகிறான். 1988-ல் சக்கரவர்த்தி மரணப் படுக்கையில் இருக்கும் நாட்களில், வயதான ஓர் அமெரிக்க மொழிபெயர்ப்பாளனைப் பழைய விஷயம் தேடிக்கொண்டு வருகிறது. முதலில் காணாமற்போனவரை ஆராயப் புகுந்த எழுத்தாளரே பிறகு காணாமற்போகிறார் என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாவலின் கதாபாத்திரங்களில் பெரும்பாலோர் கற்பனை. ஆனால் முதலில் காணாமற்போகும் பெரிய மனிதர் கற்பனை அல்ல. அவர் பெயர் சதனோரி ஷிமோயாமா. ஜப்பானிய தேசிய ரயில்வேயின் முதல் தலைவர்.

1949-ஆம் ஆண்டின் ஜப்பானைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. ஊர்கள் எரிந்துபோயிருந்தன. மஞ்சூரியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பிழைப்பை இழந்து திரும்பியவர்களும், போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களும் வேலைக்கு அலைந்தார்கள். அவர்களில் பலருக்கு ரயில்வே சோறு போட்டது. ஆளுவது யார் என்றால், பெயருக்கு ஜப்பானிய மந்திரிசபை. உண்மையில் ஜெனரல் மக்கார்தரின் அமெரிக்கத் தலைமையகம். பணவீக்கத்தை அடக்குவதற்காக ஜோசப் டாட்ஜ் என்ற டெட்ராய்ட் நகரத்து வங்கியாளர் அந்த வருஷம் வந்து, செலவைக் குறைக்க வேண்டும், ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதன்படி ரயில்வேயில் மட்டும் ஏறக்குறைய 95,000 பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்யும் பொறுப்பு ஷிமோயாமாவின் தலையில் விழுந்தது. அவர் அரசியல்வாதி அல்ல; ரயிலோடு வளர்ந்த பொறியியல் நிபுணர்; வயது 47. ஜூன் முதல் தேதி பதவி ஏற்றார். ஜூலை 4-ந் தேதி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வேலைநீக்க உத்தரவு போயிற்று.

மறுநாள் காலை வழக்கம்போல் காரில் அலுவலகத்துக்குப் புறப்பட்டார். நேரே அலுவலகத்துக்குப் போகவில்லை. மிட்சுகோஷி என்ற பெரிய கடைக்குப் போகச் சொன்னார். கடை இன்னும் திறக்கவில்லை. காரை அங்கும் இங்கும் ஓட்டச் சொல்லி, நடுவில் ஒரு வங்கிக்குப் போய்விட்டு, மறுபடியும் அதே கடைக்கு வந்தார். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். டிரைவர் காத்திருந்தார். பகல் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு, தன் எஜமானரைக் காணோம் என்ற செய்தியைக் கார் ரேடியோவில் கேட்டுத்தான் அந்த டிரைவருக்கு விஷயமே தெரிந்தது!

நள்ளிரவு கடந்து, டோக்கியோவின் வடகிழக்கே அயாசே நிலையத்துக்கு அருகில் தண்டவாளத்தின்மேல் அவருடைய உடல் கிடைத்தது. ரயில்வேத் தலைவரின் உடலை ரயில் சிதைத்திருந்தது. கதாசிரியன் இப்படி எழுதினால், 'மிகவும் செயற்கை' என்று விமர்சகர்கள் சிரிப்பார்கள். வாழ்க்கைக்கு விமர்சகர்களைப் பற்றிக் கவலை இல்லை.

தற்கொலையா, கொலையா? டோக்கியோ சர்வகலாசாலையின் வைத்திய நிபுணர், இறந்த பிறகுதான் ரயில் ஏறியது என்றார். கெய்யோ சர்வகலாசாலையின் நிபுணர், உயிருள்ள உடல்மேல்தான் ஏறியது என்றார். போலீஸில் ஒரு பிரிவு தற்கொலை என்று நம்பியது. இன்னொரு பிரிவு கொலை என்று நம்பியது. அவரைப் போன்ற ஒருவர் அன்று பிற்பகல் பக்கத்து விடுதி ஒன்றில் மணிக்கணக்கில் தங்கிப் போனதாகச் சாட்சி வந்தது. அவர் உடையில் ஒட்டியிருந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. மூக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. பத்திரிகைகளும் இரண்டாகப் பிரிந்து நின்றன. போலீஸார் கடைசிவரை தங்கள் முடிவை அதிகாரபூர்வமாக அறிவிக்கவே இல்லை. 1964-ல் வழக்குத் தொடரும் காலக்கெடுவும் முடிந்துவிட்டது.

பொதுவாக ஒருவர் காணாமற்போனால் உண்மையைத் தேடுகிறவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும்; விடை எதுவானாலும் சரி, விடை வேண்டும் என்று நினைப்பார்கள். போர் புரட்டிப்போட்ட நாட்டில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு விடையும் ஒரு கட்சிக்குச் சொந்தமாகிவிடுகிறது. கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள் என்றால் தொழிற்சங்கத்தை நசுக்க நினைக்கிறவர்களுக்கு லாபம். அமெரிக்க உளவாளிகள் கொன்றார்கள் என்றால் அந்நியரை வெறுக்கிறவர்களுக்கு லாபம். தானே செத்தார் என்றால், ஏழைகளின் வயிற்றில் அடிக்க மனம் இல்லாமல் செத்த உத்தமர் என்று ஒரு சாரார் பாடலாம். விஷயம் இதோடு ஒழிந்தது என்று இன்னொரு சாரார் பெருமூச்சு விடலாம். இறந்துபோன மனிதருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அறிய விரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

போர் அழித்தவற்றில் கட்டிடங்களை எண்ணிவிடலாம். நம்பிக்கையை எண்ண முடியாது. தோல்விக்குப் பத்து நாள் முன்புவரை வெற்றி வெற்றி என்று முழங்கிய ரேடியோ, ஒருநாள் சக்கரவர்த்தியின் குரலிலேயே தோல்வியைச் சொல்லிற்று. சரணடைந்த சமயத்தில் சர்க்கார் அலுவலகங்களில் கட்டுக் கட்டாகத் தஸ்தாவேஜுகளைக் கொளுத்தினார்கள். காகிதம் பொய் சொல்லும், அதிகாரி பொய் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரனும் தன் பழைய வாழ்க்கையை மறைத்துத்தான் பேசுவான் என்று ஒரு ஜனத்தொகையே பழகிப்போயிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மரணத்தைப் பற்றிய உண்மை யார் நாவில் முளைக்கும்?

ஆனால் முடிவு வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை, இன்னும் கூடிற்று. அதன் விளைவை அதே கோடையில் நடந்த வேறு இரண்டு சம்பவங்களில் பார்க்கலாம்.

ஷிமோயாமா இறந்து பத்து நாள் கழித்து, ஜூலை 15-ந் தேதி, மிட்டாகா நிலையத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று தானாகப் பாய்ந்து ஆறு பேரைக் கொன்றது. ஆகஸ்டு 17-ந் தேதி மாட்சுகாவா என்ற ஊருக்கு அருகில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு ரயில் கவிழ்ந்து, அதை ஓட்டிவந்த மூன்று ஊழியர்கள் மாண்டார்கள். இந்த இரண்டு வழக்குகளிலும் ஆட்களைப் பிடித்தார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள். மிட்டாகா வழக்கில் கட்சிக்காரர்கள் விடுதலையானார்கள். கட்சியில் சேராத டக்கேயுச்சி என்ற ரயில்வே ஊழியர் ஒருவர்மேல் மட்டும் பழி நின்றது. தானே செய்ததாகவும், தான் செய்யவே இல்லை என்றும் அவர் மாறி மாறிச் சொன்னார். முதலில் ஆயுள் தண்டனை. அப்பீலில் அது மரண தண்டனையாயிற்று. 1955-ல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளுக்கு ஏழு நீதிபதிகள் என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. பதினைந்து பேரில் ஒரே ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறியிருந்தால் அவர் கதை வேறு. மறுவிசாரணை கேட்டுக்கொண்டே 1967-ல் சிறையில் செத்தார்.

மாட்சுகாவா வழக்கில் இருபது பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். 1950-ல் இருபது பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஐந்து பேருக்குத் தூக்கு.

நமக்கு இந்தக் கதை புதிதல்ல. காணாமற்போன ஒரு சிலம்புக்கு உடனே ஒரு முடிவு வேண்டும் என்று அவசரப்பட்ட அரசனின் கதையைத்தானே நாம் காப்பியமாக வைத்துப் போற்றுகிறோம்? பொற்கொல்லன் சொன்ன முடிவு கச்சிதமாக இருந்தது. திருட்டு உண்டு, திருடனும் அகப்பட்டான், கையில் சிலம்பும் இருந்தது. ஒரு நல்ல துப்பறியும் கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. உண்மை ஒன்றுதான் இல்லை. ஒரு சமூகம் விடையில்லாமல் இருக்கப் பொறுக்காதபோது, யாராவது ஒரு மனிதனையே விடையாக்கிவிடுகிறது. இதுதான் எனக்குப் பயம் தருகிற விஷயம்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்த மூன்று பேர் வருகிறார்கள். ஒரே காலத்து ஜப்பானிய எழுத்தாளர்கள். மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள்.

முதல்வர் கஸுவோ ஹிரோட்சு. அறுபது வயது கடந்த நாவலாசிரியர். மாட்சுகாவா கைதிகள் சிறையிலிருந்து எழுதியவற்றைப் படித்தபோது, இவர்கள் பொய் சொல்லவில்லை என்று அவர் மனத்தில் பட்டது. மனத்தில் பட்டது போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அப்பீல் தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 1954 முதல் 1958 வரை நாலரை வருஷம் 'சூவோ கோரோன்' என்ற மாதப் பத்திரிகையில் அந்தத் தீர்ப்பை அலசினார். சட்டம் தெரியாத கிழவர் ஏன் இதில் தலையிடுகிறார் என்று கேலி செய்தார்கள். அவர் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான்: சொற்களைப் படிக்கத் தெரியும். ஒரு மனிதன் இந்த நேரத்தில் இந்த இடத்திலிருந்து புறப்பட்டு அந்த இடத்துக்குப் போய் இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியுமா என்று, சக எழுத்தாளனின் நாவலில் ஓட்டை தேடுவதுபோலத் தேடினார். இதற்கிடையில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் சதிக்கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் தொழிற்சாலை நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதைக் காட்டும் குறிப்பு ஒன்று வெளிவந்தது. நிர்வாகத்தின் பக்கத்தில் இருந்தவரே எழுதிய குறிப்பு அது; அத்தனை வருஷமும் அரசாங்கத் தரப்பின் கையில் கிடந்திருக்கிறது! 1961-ல் எல்லோரும் விடுதலையானார்கள். 1963-ல் அது உறுதியாயிற்று.

ஹிரோட்சுவின் வாதத்தில் நான் கண்ட பெருமை இது: 'இவர்கள் செய்ததாக ருசுவாகவில்லை' என்பதே அவர் வாதத்தின் உயிர். 'அப்படியானால் யார்தான் செய்தார்கள்?' என்ற கேள்விக்கு விடை அளித்துக் கைதட்டல் வாங்க அவர் முயலவில்லை. கதாசிரியனுக்கு அது எவ்வளவு கடினமான துறவு என்பது கதை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாமவர் யாசுஷி இனோவே. முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவர். 1950-லேயே, சம்பவத்தின் சூடு ஆறுவதற்குள், 'கறுப்பு அலை' என்ற பொருள்படும் ஒரு நாவலை எழுதினார். கொலையைச் செய்தது யார் என்பதல்ல அவருடைய விஷயம். ஊர் முழுவதும் ஒரு பக்கம் சாயும்போது, தெரிந்ததை மட்டுமே எழுதுவேன் என்று நிற்கும் ஒரு செய்தியாளனின் கஷ்டம்தான் விஷயம்.

மூன்றாமவர் சேய்ச்சோ மாட்சுமோட்டோ. மூவரிலும் அதிகமாகப் படிக்கப்பட்டவர் இவரே. ஏழ்மையில் பிறந்து, ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்று, நாற்பது வயதுக்கு மேல் புகழ் பெற்றவர். துப்பறியும் கதை என்றால் பூட்டிய அறையும் விசித்திரக் கத்தியும்தான் என்றிருந்ததை மாற்றி, குற்றத்தின் வேரைச் சமூகத்தில் தேடியவர். அவருடைய 'ஸீரோ ஃபோகஸ்' என்ற நாவல் 1959-ல் வந்தது. கல்யாணமான சில நாட்களில் கணவன் வேலை நிமித்தம் கனாஸாவா என்ற ஊருக்குப் போகிறான், திரும்பவில்லை. முன்பின் தெரியாத மனிதனுக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண், பனி மூடிய கடற்கரை ஊர்களில் அவனைத் தேடிக்கொண்டு போகிறாள். போகப் போக, தான் கணவனைத் தேடவில்லை, போர் முடிந்த கையோடு தன் நாட்டு மக்கள் புதைத்துவிட்ட சில வருஷங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிகிறது. முடிவைச் சொல்லப்போவதில்லை, வாசகர்களின் கடிதத்துக்கு நான் அஞ்சுகிறவன். ஆனால் அதில் முடிவு உண்டு. திட்டவட்டமான முடிவு. அதனால் யாருக்கும் தீங்கு இல்லை. ஏனென்றால் குற்றவாளியும் கற்பனை, குற்றமும் கற்பனை. உண்மையானது அந்தக் காலத்தின் வேதனை ஒன்றுதான்.

அதே மாட்சுமோட்டோ, அடுத்த வருஷம், 1960-ல், 'ஜப்பானின் கறுப்பு மூடுபனி' என்ற கட்டுரைத் தொடரை எழுதினார். ஷிமோயாமா மரணம் உள்பட, அந்நியர் ஆட்சிக் காலத்து மர்மங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். பல இடங்களில் அவர் விரல் அமெரிக்க உளவுத் துறையின் பக்கமே நீண்டது. வேண்டுமென்றேதான் இதைக் கதையாக எழுதாமல் கட்டுரையாக எழுதினார். கதையில் நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் எது எது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும் என்பது அவர் எண்ணம். நேர்மையான எண்ணம்தான். ஆனால் ஷோஹே ஓவொகா என்ற இன்னொரு பெரிய நாவலாசிரியர் உடனே ஓர் ஆட்சேபம் எழுப்பினார்: ஆதாரங்களிலிருந்து முடிவுக்கு இவர் வரவில்லை; முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆதாரங்களைச் சேர்க்கிறார் என்றார்.

அந்த நூலில் ஓர் அத்தியாயம் ரிட்சு இட்டோ என்ற கம்யூனிஸ்டுத் தலைவரைப் பற்றியது. அவர் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்த ஒற்றன் என்று அன்று பலர் நம்பினார்கள். கட்சியே அவரை 1953-ல் விலக்கிவிட்டது. மாட்சுமோட்டோவும் அப்படியே எழுதினார். இட்டோ எங்கே என்று ஜப்பானில் யாருக்கும் தெரியாது. செத்திருப்பார் என்றே நினைத்தார்கள். அவர் சாகவில்லை. பீக்கிங் நகரத்துச் சிறையில் இருந்தார். சுமார் 27 வருஷம் அங்கே கிடந்து, 1980-ல், நோயாளியாக ஜப்பானுக்குத் திரும்பி வந்தார்! அவர் ஒற்றர் என்ற கதையைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஆதாரத்தோடு மறுத்தார்கள். 1989-ல் அவர் இறந்தார். அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், மாட்சுமோட்டோவின் நூலில் இது பற்றி ஒரு குறிப்பைச் சேர்க்கப் பதிப்பாளர் இசைந்தது 2013-ல்.

இதை நினைக்கும்போதெல்லாம் என் பேனா கனக்கிறது. மாட்சுமோட்டோ அற்பமான எழுத்தாளர் அல்ல. பலமுள்ளவர்களுக்கு எதிராகப் பலமற்றவர்களுக்காக எழுதியவர். அப்படிப்பட்டவர் கையாலேயே, வாய் திறந்து மறுக்க முடியாத இடத்தில் அடைபட்டுக் கிடந்த ஒரு மனிதன்மேல் ஒரு முடிவு எழுதப்பட்டுவிட்டது. காணாமற்போனவன் செய்யக்கூடிய ஒரே பதில், திரும்பி வருவது. எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

மாட்சுமோட்டோவுக்காக வாதாடுகிறவர்கள் ஒன்று சொல்லுவார்கள். அது லேசான வாதம் அல்ல. "தெரியாது, தெரியாது என்று எழுத்தாளன் ஒதுங்கிவிட்டால் யாருக்கு லாபம்? மறைத்தவனுக்குத்தானே? தெரியாது என்பது அதிகாரிகளின் பல்லவி. அதை எழுத்தாளனும் பாடினால் உண்மையை யார் தோண்டுவது?" நியாயமான கேள்வி. என் பதில் இது. 'தெரியாது' என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிற தெரியாது. இன்னொன்று, கட்டை மேஜைமேல் பிரித்தே வைத்திருக்கிற தெரியாது. ஹிரோட்சு சொன்னது இரண்டாவது. அவர் சும்மா இருக்கவில்லை. நாலரை வருஷம் உழைத்தார். அந்த உழைப்பு மாட்சுகாவா கைதிகளின் மேல் எழுதப்பட்ட பொய் முடிவை அழித்தது. பொய் விடையை அகற்றுவதும் உண்மைக்குச் செய்யும் தொண்டுதான். சில சமயம் செய்யக்கூடிய ஒரே தொண்டு அதுவாகவே இருக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிட என்னைத் தடுமாற வைக்கிறது. காத்திருக்கிறவர்களின் கதி என்ன? ஊருக்கு மர்மம் ஒரு பொழுதுபோக்கு. வீட்டுக்கு அப்படி இல்லை. இதற்கு நாம் ஜப்பானில் தேட வேண்டியதில்லை. அதே போரில், ஜப்பானியர் 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்கு, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பலருக்குப் பெயர்ப் பதிவும் இல்லை, கல்லறையும் இல்லை. அதே போரின் முடிவில், 1945 ஆகஸ்டில், நேதாஜி சென்ற விமானம் தைப்பேயில் விழுந்தது. அவர் முடிவை ஆராய நம் அரசாங்கம் 1956-லும் 1970-லும் 1999-லும் மூன்று முறை விசாரணை வைத்தது. முதல் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன, மூன்றாவது மறுத்தது, அரசாங்கம் மூன்றாவதை ஏற்கவில்லை. தலைவருக்கு மூன்று விசாரணை. தண்டவாளக் கட்டை சுமந்து காட்டில் மடிந்த தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கும் ஒரு மனைவி இருந்தாள். பொட்டு வைத்துக்கொள்வதா, அழிப்பதா? அந்தக் கேள்வியோடு எத்தனை காலைகள் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருப்பாள்! அவளிடம் போய், 'முடிவு வேண்டும் என்பது வெறும் ஆசை அம்மா' என்று தத்துவம் பேச எனக்குத் துணிவில்லை.

இங்கே எனக்கு வழி காட்டுவது, கற்பனையே இல்லாதது என்று நாம் எண்ணும் சட்டம். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் எதுவும் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். அதன் நயத்தைக் கவனியுங்கள். 'இறந்துவிட்டார்' என்று சட்டம் சொல்லவில்லை. 'இறந்தவராக வைத்துக்கொள்வோம்' என்கிறது. நாளைக்கே அவர் வாசலில் வந்து நின்றால் அந்த அனுமானம் தானே விலகிக்கொள்ளும். எப்படி இறந்தார் என்று அது கதை கட்டவில்லை. யார் கொன்றார்கள் என்று எவர் தலையிலும் பழி ஏற்றவில்லை. காத்திருக்கிறவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. காணாமற்போனவருக்கும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எத்தனையோ கதாசிரியர்களிடம் இல்லாத கருணையும் நிதானமும் அந்த வாசகத்தில் இருக்கின்றன.

ஆகவே முடிவே எழுதக் கூடாது என்று நான் வாதிக்கவில்லை. கற்பனை மனிதனுக்கு எந்த முடிவு வேண்டுமானாலும் எழுதலாம்; அது நம் உரிமை. உண்மை மனிதனுக்கு முடிவு எழுத நேர்ந்தால், அது காத்திருக்கிறவர்களின் கண்ணீரைத் துடைப்பதற்காக இருக்க வேண்டும். நம்முடைய அரிப்பைச் சொறிந்துகொள்வதற்காக இருக்கக் கூடாது. அனுமானத்தை அனுமானம் என்றே சொல்ல வேண்டும். அந்த முடிவின் பாரம், பதில் சொல்ல முடியாத இன்னொருவன்மேல் போய் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது எழுத்தாளர்களுக்கு மட்டும் சொன்ன புத்திமதி என்று வாசக அன்பர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நம் தெருவிலேயே ஒருநாள் ஒரு பெண் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைப்பதற்குள் எத்தனை நாவல்கள் எழுதப்பட்டுவிடுகின்றன! யாரோடு போனாள், எதற்காகப் போனாள், எத்தனை நாளாக நடக்கிற சங்கதி என்று குழாயடியில் ஒரு முடிவு, காப்பிக் கடையில் ஒரு முடிவு. அவள் தாய் ஒருத்திக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது. அந்தச் சமயத்தில் அந்த வீட்டுக்குள் போய், அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கற்பிக்காமல், 'தெரியவில்லையே அம்மா, தேடலாம்' என்று சொல்லுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் போதும்.